வயலோரச் சில்லைகளும் வீட்டுப் பறவைக்கூடும்

கண்டி மாவட்டத்தின் அடுக்கு வயல்களில் நெற்பயிர் பால்பிடிக்கத் தொடங்கியதும் சிறு பறவைகளின் கூட்டங்கள் வந்து சேர்கின்றன. யட்டிநுவரையிலும் உடுநுவரையிலும் ஹாரிஸ்பத்துவையிலும், தும்பறைப் பள்ளத்தாக்கின் வயல்களிலும் பெரும்போகம், சிறுபோகம் ஆகிய இரு போகங்களிலும் இக்காட்சியைக் காணலாம். கதிரின்மேல் ஐம்பது பறவைகள் ஒருங்கே அமர்வதைக் காணும் கமக்காரருக்குச் சினம் உண்டாவது இயல்பே. அதே பறவைகள் அறுவடை முடிந்தபின் வேலியோரத்துக் கினிப்புல்லில் ஊசலாடி விதை கொத்தும்போது, அவர் வீட்டுப் பிள்ளைகள் அவற்றைப் பிடித்துக் கூட்டில் வளர்க்க ஆசைப்படுகின்றனர். சிலர் பலாப்பாற் பசையும் கண்ணியும் வைத்துப் பிடிக்கின்றனர். கமக்காரரின் சினத்துக்கும் பிள்ளைகளின் ஆசைக்கும் தக்க விடை, இப்பறவைகளின் குணத்தை அறிந்து கொள்வதிலேயே உள்ளது. அக்குணங்களையும், பயிரைக் காக்கும் வழிகளையும், வீட்டில் வளர்க்கத் தகுந்த பறவைகளையும் பற்றிக் கீழே விளக்கப்படுகின்றது.

சில்லை என்னும் இனம்

பறவை வணிகர் 'பிஞ்சு' எனப் பொதுப்பெயராற் குறிப்பிடும் சிறு பறவைகளுள் நம் நாட்டுக்கு உரியவை சில்லைகளாகும். இவற்றை நெற்குருவி, தினைக்குருவி எனவும் மக்கள் வழங்குவர். சிங்கள மக்கள் இவற்றை 'வீ குருல்லா' என்பர். 'வீ' என்பது நெல்லைக் குறிக்கும் சொல். இருமொழியினரும் இப்பறவையை அதன் உணவைக் கொண்டே பெயரிட்டு அழைப்பது கவனிக்கத்தக்கது.

சில்லை சுமார் நான்கரை அங்குல நீளமும் 12 முதல் 14 கிராம் எடையும் உடையது. அலகு குட்டையாகவும் தடித்துக் கூம்பு வடிவாகவும் இருக்கும். அவ்வலகு தானியத்தின் உமியை உடைத்து நீக்குவதற்கென்றே அமைந்தது. சில்லை ஒருபோதும் தனித்து வாழ விரும்பாது. உண்பதும், நீராடுவதும், உறங்குவதும் கூட்டமாகவே நடைபெறும். ஒரு கிளையில் நெருங்கி அமர்ந்து ஒன்றன் கழுத்து இறகை மற்றொன்று கோதிவிடுவது இவ்வினத்தின் பொது வழக்கம். ஆயினும் ஒவ்வொரு சில்லைக்கும் தனிக் குணம் உண்டு.

புள்ளிச் சில்லை

நெல்வயலில் மிகுதியாகக் காணப்படுவது இதுவே. முகமும் தொண்டையும் செம்பழுப்பு நிறமாகவும், வெண்மையான மார்பு முழுவதும் மீன் செதில் போன்ற கோடுகளுடனும் இருக்கும். இளம் பறவைக்கு அக்கோடுகள் இல்லை. அது முற்றிலும் மங்கிய பழுப்பு நிறமானது. ஆதலால் ஒரே கூட்டத்தில் இரு நிறப் பறவைகளைக் கண்டு அவற்றை இரு வேறு இனங்கள் எனக் கருதுதல் தவறு.

இது சாதுவானது, சண்டையை விரும்பாதது. ஆண் பறவை பாடும்போது தலையிறகைச் சிலிர்த்து அலகை அசைக்கும். ஆனால் ஓசை மிக மெல்லியது. இரண்டு மூன்று அடிக்கு அப்பால் நிற்பவருக்கு அது பாடுவதே தெரியாது. அவ்வேளையிற் கூட்டத்தின் வேறொரு பறவை அருகில் வந்து கழுத்தை நீட்டி, பாடுகின்ற பறவையின் அலகுக்கு அண்மையில் தன் தலையை வைத்துக் கூர்ந்து கேட்கும். பாட்டு முடியும்வரை அது அசையாது. பறவையுலகில் இது அரிதான வழக்கமாகும்.

இரை தேடுவதிலும் இதன் குணம் ஆராயப்பட்டுள்ளது. கனடா நாட்டு ஆராய்ச்சியாளர் லூக் அலான் ஜிரால்டோவும் அவருடன் பணியாற்றியோரும் 1990களில் புள்ளிச் சில்லைகளைக் கூட்டங்களாக வைத்து ஆராய்ந்தனர். கூட்டத்திற் சில பறவைகள் தாமே தேடி உணவைக் கண்டுபிடிக்கின்றன. மற்றவை தேடாமல், கண்டுபிடித்த பறவையிடம் ஓடிச்சென்று பங்கு கொள்கின்றன. பங்கு கொள்வோர் தொகை அளவுக்கு மிஞ்சினால் அவர்களுக்குக் கிடைப்பது குறைகின்றது. உடனே சில பறவைகள் மீண்டும் தாமே தேடத் தொடங்குகின்றன. வயலில் ஒரு பறவை இறங்கிய இடத்தில் முழுக்கூட்டமும் இறங்குவதன் காரணம் இதனால் விளங்கும். முதலில் இறங்கும் நாலைந்து பறவைகளை எழுப்பிவிட்டால் பின்னே வரும் கூட்டமும் விலகிப்போகும். காவல் இருப்போர் இதனை மனத்திற் கொள்ள வேண்டும்.

வெண்முதுகுச் சில்லை

கண்டி நகரைச் சூழ்ந்த வீட்டுத் தோட்டங்களிலும், உடவத்தைக்கலைச் சரணாலயத்தின் ஓரங்களிலும், பேராதனைப் பூங்காவை அடுத்த குடியிருப்புகளிலும் காணத்தக்கது இச்சில்லை. உடல் கரும்பழுப்பு, இடுப்பும் வயிறும் வெண்மை, வால் கூராக முடியும். பலா, மா, பாக்கு ஆகிய மரங்கள் கலந்து வளரும் நிழலான தோட்டமே இதற்கு விருப்பமான இடம். மனிதர் நடமாட்டத்துக்கு இது அதிகம் அஞ்சாது. வீட்டு வாயிலை ஒட்டிய செடியிலும் கூடு கட்டும்.

இதன் கூடு புல்லாலான பெரிய உருண்டை. பக்கத்தில் வாயில் இருக்கும். குஞ்சு பொரித்துப் பறந்த பின்னரும் இது கூட்டைக் கைவிடுவதில்லை. தாயும் தந்தையும் குஞ்சுகளும் மாலையில் ஒன்றன்பின் ஒன்றாக அதனுட் புகுந்து நெருங்கி உறங்கும். ஆகவே பழைய கூடு என்று எண்ணித் தோட்டத்தைத் துப்புரவு செய்வோர் பிடுங்கி எறிவது, ஒரு குடும்பத்தின் வீட்டை எடுத்தெறிவதாகவே முடியும்.

உலகெங்கும் கூடுகளில் வளர்க்கப்படும் 'பெங்காலி பிஞ்சு' என்னும் பறவைக்கு மூலமானது இவ்வெண்முதுகுச் சில்லையே. சீன தேசத்திலிருந்து ஜப்பானுக்குக் கொண்டுசெல்லப்பட்ட இவ்வினப் பறவைகள் அங்கே சுமார் 250 ஆண்டுகளாகக் கூட்டிலேயே இனம் பெருக்கப்பட்டுள்ளன. வெள்ளை, பழுப்பு, இரண்டும் கலந்த நிறம் எனப் பல வகைகள் தோன்றியுள்ளன. ஜப்பானிய ஆராய்ச்சியாளர் கசுவோ ஒக்கனோயா இவ்விரண்டின் பாட்டையும் ஒப்பிட்டு, கூட்டில் வழிவழியாக வளர்ந்த பறவையின் பாட்டு காட்டுப் பறவையின் பாட்டைவிடப் பலவகைப்பட்டது எனக் கண்டார். காட்டில் பகைக்கு அஞ்சி வாழும் பறவைக்கும் அச்சமின்றி வாழும் பறவைக்கும் இடையே பாட்டும் வேறுபட்டுவிட்டது எனலாம்.

கருந்தலைச் சில்லை

தலை, தொண்டை, வயிற்றின் நடுப்பகுதி ஆகியன கறுப்பு, பக்கங்கள் வெள்ளை, முதுகு செம்பழுப்பு. அலகு நீலஞ் சார்ந்த சாம்பல் நிறம். மூன்று நிறங்களும் தெளிவாகப் பிரிந்து நிற்பதால் சில்லைகளுள் அழகானது இதுவே எனப் பலர் கருதுவர். நீர் தேங்கிய வயலையும், நாணலும் கோரையும் வளர்ந்த தாழ்நிலத்தையும் இது நாடும். நிமிர்ந்த தண்டினை இரு கால்களாலும் பற்றி மேலும் கீழும் ஏறுவதில் வல்லது.

இத்திறமையே கூட்டில் இதற்குத் துன்பமாக முடிகின்றது. நாணற் தண்டில் ஏறி இறங்கும்போது தேய வேண்டிய நகங்கள் வழவழப்பான கோல்களில் தேய்வதில்லை. அவை நீண்டு வளைந்து வலைக்கம்பியிற் சிக்க, பறவை தொங்கி இறக்க நேரிடும். கூச்சமுள்ள இப்பறவை புதிதாக அடைக்கப்பட்டால் கம்பியில் மோதிக் காயமுறுவதும் உண்டு.

மலைச் சில்லை

கருந்தொண்டைச் சில்லை எனவும் பெயருடைய இது மலைநாட்டுக்கு உரியது. தேயிலைத் தோட்டங்களின் ஓரத்திலும் மலையடிவாரப் புற்றரையிலும் சிறு கூட்டங்களாகத் திரியும். இலங்கையைத் தவிரத் தென்னிந்தியாவின் மலைத்தொடர்களில் மட்டுமே இவ்வினம் வாழ்கின்றது. இதன் விஞ்ஞானப் பெயர், இலங்கையிற் பிறந்த மருத்துவரும் இயற்கை ஆராய்ச்சியாளருமான எட்வர்ட் பிரெடெரிக் கெலார்ட் என்பவரை நினைவூட்டுகின்றது. 1863இல் ஜெர்டன் என்பார் அப்பெயரை இட்டார். உலகில் இவ்வளவு சிறிய பரப்பில் வாழும் பறவையைப் பிடித்து அடைப்பது எவ்வகையிலும் தகாது.

பயிருக்கு நேரும் சேதம்

சில்லை நெல்லைத் தின்பது உண்மை. அதனை மறைப்பதாற் பயனில்லை. கூட்டில் வாழும் ஒரு சில்லை நாளொன்றுக்கு ஏறத்தாழ 3 முதல் 4 கிராம் தானியம் உண்ணும். ஐம்பது பறவைகள் கொண்ட கூட்டம் நாளொன்றுக்கு 150 முதல் 200 கிராம் வரை உண்ணும் எனக் கணக்கிடலாம். ஆனால் நெல் பால்பிடிக்கும் பருவத்திற் சேதம் இதனினும் அதிகம். அப்போது மணியினுள் பால் மட்டுமே இருப்பதால் வயிறு நிரம்பப் பல மணிகளை அலகால் நசுக்க வேண்டியிருக்கும். நசுக்கப்பட்ட மணி பின்னர் பதராகும். முற்றிய மணியை உண்ணும்போது இவ்வளவு வீண் இல்லை.

பூத்ததிலிருந்து முற்றுவதற்குச் செல்லும் சுமார் 30 நாட்களில், காவல் மிகவும் வேண்டப்படுவது பால்பிடிக்கும் பத்துப் பன்னிரண்டு நாட்களே. இதனை அறிந்தால் உழைப்பை வேண்டிய நாட்களில் மட்டும் செலவிடலாம்.

வருடத்தின் எஞ்சிய காலத்தில் சில்லைகளின் உணவு புல்விதையே. வரம்பிலும் தரிசு நிலத்திலும் வளரும் கினிப்புல், நெற்சப்பி முதலியவற்றின் விதைகளை இவை உண்கின்றன. மரக்கறித் தோட்டத்தில் போஞ்சி, கோவா, தக்காளி, கறிமிளகாய் ஆகிய பயிர்களின் காய்க்கு இவற்றால் தீங்கில்லை. பாத்தியில் விதைக்கப்பட்ட சிறு விதைகளையும், விதைக்கென விடப்பட்ட கீரைக் கதிரையும் மட்டும் மூடிக் காத்தல் போதுமானது.

பிடிப்பதால் பயன் உண்டா?

பறவைகளைப் பிடித்து விற்றால் சேதம் குறையும். கையிற் சிறிது பணமும் சேரும் எனச் சிலர் எண்ணுவர். இவ்வெண்ணம் இரு வகையிலும் பிழையானது.

முதலாவதாக, சில்லைக் கூட்டம் ஓரிடத்துக்கு உரியதன்று. இன்று இருபது பறவைகள் பிடிக்கப்பட்டால், கதிர் உள்ளவரை நாளை வேறு கூட்டம் அங்கு இறங்கும். பிடிபட்ட பறவைகளோ பசை ஒட்டிய இறகுடனும் அச்சத்துடனும் உணவு கொள்ளாமற் பல இறந்துவிடும். பசையிலும் கண்ணியிலும் சில்லை மட்டுமன்றிப் பூச்சிகளைத் தின்று பயிருக்கு உதவும் பறவைகளும் சிக்குகின்றன. நஞ்சிட்ட தானியம் அதனினும் கொடியது. அது கோழிக்கும் குழந்தைக்கும் கூட ஆபத்தாகும்.

இரண்டாவதாக, 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும், 2009ஆம் ஆண்டு உட்படப் பின்னர் செய்யப்பட்ட திருத்தங்களும் இந்நாட்டின் காட்டுப் பறவைகளிற் பெரும்பாலானவற்றுக்குப் பாதுகாப்பு அளிக்கின்றன. பாதுகாக்கப்பட்ட பறவையைப் பிடித்தல், கொல்லுதல், அடைத்து வைத்தல், விற்றல் ஆகியன தண்டனைக்குரிய குற்றங்களாகும். எந்தக் காட்டுப் பறவையாயினும், அதன்மீது கைவைக்குமுன் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்கள அலுவலகத்தில் விசாரித்தறிதல் ஒவ்வொருவரின் கடமையாகும்.

ஜாவாச் சில்லை தரும் பாடம்

ஜாவா, பாலி ஆகிய தீவுகளுக்கு உரிய ஒரு பறவை ஜாவாச் சில்லை. சாம்பல் உடலும் வெண்கன்னமும் தடித்த செவ்வலகும் உடைய இதற்கு விஞ்ஞானிகள் இட்ட பெயரின் பொருள் 'அரிசி தின்னி' என்பதாகும். ஒருகாலத்தில் அத்தீவுகளின் நெல்வயல்களில் இவை திரள் திரளாக இறங்கின. கமக்காரர் இவற்றைப் பயிர்ப் பகை எனப் பிடித்தனர். வணிகர் அழகுப் பறவை என வாங்கினர். இவ்விரு காரணங்களும் சேர்ந்து பல தலைமுறைகளாகப் பிடிக்கப்பட்டமையால் பிறந்த தீவிலேயே இது அரிதாகிவிட்டது. 1997இல் இதன் சர்வதேச வணிகம் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரப்பட்டது. இன்று இது அழியும் ஆபத்திலுள்ள பறவைகளின் வரிசையில் வைக்கப்பட்டுள்ளது. எண்ணிக்கையில் மிக்கது ஒருநாளும் அழியாது என்று நினைப்பவர் இதனை நினைவிற் கொள்ளல் நன்று.

இதற்கு மறுதலையான பாடமும் ஒன்று உண்டு. புள்ளிச் சில்லை 1860களில் ஹவாய்த் தீவுகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டு அங்கே பெருகி நெற்பயிருக்குத் தொல்லையாயிற்று. ஆஸ்திரேலியாவிலும் கூட்டிலிருந்து தப்பிய பறவைகள் பெருகியுள்ளன. ஆதலால் வெளிநாட்டுக் கூட்டுப் பறவையை இரக்கத்தினாலோ சலிப்பினாலோ திறந்துவிடுதல் கூடாது.

வீட்டில் வளர்க்க விரும்புவோருக்கு

பறவை வளர்க்கும் ஆசை தீயதன்று. அவ்வாசைக்குத் தகுந்தவை கூட்டிலேயே பல தலைமுறைகளாகப் பிறந்து வளர்ந்த இனங்களாகும். பெங்காலி பிஞ்சு, ஆஸ்திரேலிய வரிப் பிஞ்சு ஆகிய இரண்டும் தொடக்கக்காரருக்கு ஏற்றவை. பெங்காலி பிஞ்சு அமைதியும் பொறுமையும் மிக்கது. வேறு இனங்களின் முட்டைகளையும் அடைகாத்து, அக்குஞ்சுகளைத் தன் குஞ்சுகளாகவே வளர்க்கும். வரிப் பிஞ்சோ துடுக்கானது. நாள் முழுவதும் ஒலியெழுப்பும். அண்டைப் பறவையின் கூட்டிலிருந்து புல்லை உருவிக்கொள்ளும். ஆகவே இரண்டையும் சேர்த்து வளர்ப்போர், சோடிகளின் தொகையைவிட அதிகமான கூட்டுப் பெட்டிகளை ஒரே உயரத்தில் வைக்க வேண்டும்.

நான்கு சோடிகளுக்கு 6 அடி நீளம், 3 அடி அகலம், 6 அடி உயரமுள்ள கூடு போதுமானது. இப்பறவைகள் நேர்கிடையாகப் பறப்பவை. எனவே உயரத்தைவிட நீளமே முக்கியம். வலைக்கண் அரை அங்குலத்துக்கு மேற்படலாகாது. அதனினும் பெரிய கண்ணின் வழியே பாம்பும் எலிக்குஞ்சும் புகும். கூட்டின் ஒரு பாதிக்கு ஓட்டுக் கூரையும், கண்டியின் மழைச்சாரலும் மார்கழி, தை மாத இரவுக் குளிரும் தாக்காதபடி இரு பக்கங்களுக்குப் பலகையும் அமைத்தல் வேண்டும். காலை வெயில் விழும் திசையை நோக்கி வைத்தல் நன்று. கோல்கள் ஒரே பருமனாக இராமல், பட்டையுடன் கூடிய பல பருமன் கிளைகளாக இருத்தல் வேண்டும். நாணற் கட்டு ஒன்றை நிறுத்தி வைத்தால் நகங்கள் தேயும்.

தினை, சாமை, குரக்கன், சிறிதளவு நெல் ஆகியவற்றைக் கலந்து கொடுக்கலாம். மருந்து தெளிக்காத கீரையும் பச்சைப் புற்கதிரும் நாள்தோறும் வேண்டும். மணலும், கணவாய் ஓடு அல்லது அவித்து உலர்த்திய முட்டையோட்டுத் தூளும் இன்றியமையாதவை. சுண்ணாம்புச் சத்துக் குறைந்த பெட்டை முட்டையிட இயலாமல் இறக்கும். குடிநீரைக் காலையில் மாற்றுக. நீராட அகலமான, ஆழமற்ற பாத்திரம் வைக்குக. எறும்பு ஏறாதபடி கூட்டின் கால்களை நீர்க்கிண்ணத்தில் நிறுத்துக.

பெங்காலி பிஞ்சின் ஆணும் பெட்டையும் ஒரே தோற்றமுடையன. பாடுவது ஆண் மட்டுமே. அடைகாக்கும் காலம் சுமார் 16 நாட்கள். குஞ்சுகள் பறந்த பின்னரும் சுமார் மூன்று வாரம் தாய் தந்தையரிடம் உணவு பெறும். அதற்குமுன் பிரித்தல் ஆகாது. ஆண்டில் மூன்று ஈற்றுக்கு மேல் அனுமதியாது ஓய்வு கொடுக்க வேண்டும். ஒற்றைப் பறவையை வளர்த்தல் கூடாது. கூட்டமின்றி வாழ்வது இவற்றுக்குத் தண்டனையாகும்.

பயிரைக் காக்கும் முறைகள்

1. ஒரே வயல்வெளியிலுள்ள கமக்காரர் யாவரும் சில நாட்களுக்குள் விதைப்பையும் நாற்று நடுகையையும் முடித்தல் வேண்டும். முந்தியோ பிந்தியோ கதிர் தள்ளும் தனி வயலிலேயே சேதம் அதிகம். எல்லா வயலும் ஒருங்கே கதிர்விடும்போது சேதம் பங்கிடப்பட்டுச் சிறுக்கும்.

2. கதிர் தள்ளுமுன் வரம்பிலுள்ள புல்லை விதை முற்றுவதற்கு முன் அறுத்து மாட்டுக்கு இடுக. வயலை ஒட்டிய உயர்ந்த கினிப்புற் புதர் கூட்டம் மறைந்திருந்து இறங்குவதற்கு வசதியாகும்.

3. சூரியன் உதித்தபின் முதல் மூன்று மணி நேரமும், மாலை வெயில் தணிந்தபின் இரண்டு மணி நேரமும் காவல் அவசியம். நடுப்பகலிற் பறவைகள் பெரும்பாலும் நிழலில் தங்கும்.

4. மின்னும் நாடா, தகர ஓசை, வெருளி ஆகியவற்றை இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை இடமும் வகையும் மாற்றுக. மாறாத வெருளியின் தலைமேற் சில்லை அமர்ந்து இளைப்பாறும்.

5. நாற்றுமேடைக்கும் விதைப் பாத்திக்கும் வலை இடுவதாயின் இறுக்கமாகக் கட்டுக. தளர்ந்த வலை பறவைகளைச் சிக்கவைத்துக் கொல்லும்.

குருலு பாளுவ

வள்ளி தினைப்புனம் காத்த கதை தமிழ் மக்கள் யாவரும் அறிந்தது. பறவையைக் கொல்லாமல் ஓட்டிப் பயிர் காத்தலே அக்கதையில் வரும் தொழில். சிங்களக் கிராமங்களிலும் இதற்கு ஒத்த பழைய வழக்கம் ஒன்று உண்டு. வயலின் ஒரு சிறு பகுதியை அறுக்காமற் பறவைகளுக்கென விடுவர். அதற்குக் 'குருலு பாளுவ' என்று பெயர். பறவைகள் அங்கே கூடுமாதலால் மற்றப் பகுதியில் அவற்றின் நெருக்கம் குறையும் என்பது முன்னோர் கருத்து. இதனைத் தருமம் என்பாரும் தந்திரம் என்பாரும் உளர், இரண்டும் பொருந்தும். ஒருவர் தனித்துச் செய்தால் அவர் வயலுக்கே கூட்டம் திரளும். எனவே வயல்வெளியின் கமக்காரர் யாவரும் தம் கமக்காரர் அமைப்பில் ஒருங்கு கூடிப் பேசி, எந்த மூலையை எவ்வளவு விடுவது என்பதை முடிவு செய்து, காவல் முறையையும் பங்கிட்டுக் கொள்ளுதல் நலம்.

பெரும்போகத்துக்கு வாய்க்கால் துப்புரவு செய்ய அனைவரும் கூடும் நாளே இதனைப் பேசுவதற்குத் தக்க நாளாகும். விதைப்புத் தேதி, காவல் முறை, பறவைக்கு விடும் மூலை ஆகிய மூன்றையும் அன்றே குறித்துக் கொள்க. மேலும் விளக்கம் வேண்டுவோர் தத்தம் பகுதிக் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைக் கண்டு கேட்டறியலாம்.